எச்.ஐ.வி. உள்ளவர் வீட்டில் பூனை இருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. எச்.ஐ.வி. இருப்பது சமீபத்தில்தான் தெரிந்தது. சிடி4 எனும் எதிர்ப்பு சக்தி அணுக்களின் எண்ணிக்கை 86. ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) தந்த கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறேன். கூடவே தந்த கோ-டிரைமாக்சசோல் மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் நிறுத்திவிட்டேன். தனியார் ஆய்வகத்தில் பார்த்தபோது டாக்ஸோபிளாஸ்மா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று வந்தது. வீட்டில் வளர்க்கும் பூனைதான் காரணம், அதை விரட்டு என்கிறார் மாமியார். என்ன செய்வது, டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது, சகோதரி. பூனைக்குப் பிறகு வருகிறேன்.

ஐ.ஜி.ஜி. என்பது இரத்தத்தில் பார்க்கும் ஒரு எதிர்ப்புப் பொருள். அது பாசிட்டிவ் என்றால், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி எப்போதோ உங்கள் உடலுக்குள் வந்துவிட்டது என்று பொருள். இப்போது நோய் இருக்கிறது என்று பொருள் அல்ல. நல்ல எதிர்ப்பு சக்தி உள்ளவர்களிடம் அது தசையிலும் மூளையிலும் நுண்ணிய கூடு கட்டி, ஆயுள் முழுவதும் அடங்கிக் கிடக்கும். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. சிடி4 எண்ணிக்கை 100-க்குக் கீழே போகும்போதுதான் அந்தக் கூடு உடைந்து, ஒட்டுண்ணி பெருகி மூளையைத் தாக்கும் ஆபத்து அதிகமாகிறது. நீங்கள் இப்போது அந்த நிலையில் இருக்கிறீர்கள்.

கூட்டு மருந்து சிடி4 எண்ணிக்கையை உயர்த்தப் பல மாதங்கள் ஆகும். அதுவரை உங்களைக் காப்பது கோ-டிரைமாக்சசோல்தான். நிமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றையும் அதுவே தடுக்கிறது. விலை மலிவு, ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம். அதனாலேயோ என்னவோ, பலர் அதைச் சத்து மாத்திரை போல நினைத்து விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் விஷயம். சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டால் குமட்டல் பெரும்பாலும் குறையும். அப்படியும் தாங்கவில்லை என்றால் மாற்று மருந்து உண்டு. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தோலில் கொப்புளமோ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நம் நாட்டு வழிகாட்டுதலின்படி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை சிடி4 350-க்கு மேல் இருந்த பிறகுதான் இந்த மாத்திரையை நிறுத்துவார்கள்.

இனி பூனை. ஒட்டுண்ணி ஏற்கெனவே உங்களுக்குள் இருப்பதால், பூனையை விரட்டி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. அது பூனையிடமிருந்துதான் வந்தது என்றும் சொல்ல முடியாது. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, மண் வழியாகவும் வந்திருக்கலாம். பூனையின் மலத்தை மட்டும் வேறு யாராவது தினமும் அப்புறப்படுத்தட்டும். அதில் உள்ள கிருமி தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாவது ஆகும். தோட்ட மண்ணைக் கிளறினால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள். இரத்தம் ஊறும் என்று சுவரொட்டியையும் (ஆட்டு மண்ணீரல்) ஈரலையும் அனலில் லேசாக வாட்டித் தருவார்கள். அது உங்களுக்கு வேண்டாம். உள்ளே சிவப்பு தெரியாத அளவுக்கு வேகவைத்துச் சாப்பிடுங்கள். உங்களைத் தொடுவதாலோ உங்கள் தட்டில் சாப்பிடுவதாலோ டாக்ஸோபிளாஸ்மா யாருக்கும் பரவாது. இதை மாமியாரிடம் சொல்லுங்கள்.

நோய் தலைதூக்கினால் எப்படித் தெரியும்? விடாத தலைவலி, காய்ச்சல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், வலிப்பு. சில நேரம் தொடக்கம் மிகச் சிறியதாக இருக்கும்: ரவிக்கைக் கொக்கியை மாட்ட ஒரு கை மட்டும் தடுமாறும், டம்ளர் பிடி நழுவும், தெரிந்தவர் பெயர் குழம்பும். களைப்பு என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். நாள்கள் இப்படித்தான் வீணாகின்றன.

ஸ்கேனில் மூளையில் வளையம் போன்ற கட்டிகள் தெரியும். காசநோய்க் கட்டியும் அதே போலத் தெரியலாம் என்பதால் நம் ஊரில் இரண்டையும் யோசித்தாக வேண்டும். பெரும்பாலும் டாக்ஸோபிளாஸ்மாவுக்கான மருந்தைத் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்போம். சிகிச்சை குறைந்தது ஆறு வாரம். சீக்கிரம் தொடங்கினால் நன்றாகக் குணமாகிறார்கள்.

நாளைக் காலையே ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய், எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம். ஐ.ஜி.ஜி. முடிவுச் சீட்டையும் கொண்டுபோய், உங்கள் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.