மலையகத் தமிழர் எல்லோருமே விளிம்புநிலை மக்கள்தானே, அதற்குள் தனியாகத் தலித் உணர்வு எதற்கு?

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். கேள்வியின் முதல் பாதி சரிதான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களைச் சாதி பார்த்து நாடற்றவர்களாக்கவில்லை. பறித்த கொழுந்து குறைந்தால், தோட்டத்தில் மேல்சாதியாக எண்ணப்படும் குடியானவருக்கும் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்), பறையருக்கும் அரைப்பேர்தான். டவுனுக்குப் போனால் எல்லோரும் ‘தோட்டக்காட்டான்’.

இரண்டாம் பாதியை ஏற்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் கட்டிக் கொண்டுவந்து மேய்த்த பெரிய கங்காணிமாரில் அநேகர் குடியானவர்கள். அவர்களோடு வந்தவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். வழிச்செலவையும் முன்பணத்தையும் கடனாக எழுதி, துண்டு முறையால், அதாவது கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி செய்த கடன் சீட்டால், அவர்களைக் கட்டிப்போட்டார்கள். அது ஒழிய 1921 ஆனது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களைச் சாதிவாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். தோட்டத்தை நிர்வகித்த துரைமாருக்கும் அது வசதியாகவே இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்குத் தப்படிப்பது யார், கக்கூஸ் கழுவுவது யார் என்று எந்தத் தோட்டத்திலும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

‘விளிம்புநிலை’ (subaltern) என்ற சொல்லை இத்தாலிய மார்க்சியர் கிராம்சியின் சிறைக் குறிப்புகளிலிருந்து எடுத்து, வரலாற்றாசிரியர் ரணஜித் குகாவும் கூட்டாளிகளும் 1980களில் விளிம்புநிலை ஆய்வுகளைத் தொடங்கினார்கள். மேலே ஆதிக்கம், கீழே மக்கள் என்ற அந்தப் பார்வையைத் தோட்டத்தில் மேலோட்டமாகப் பொருத்தினால் துரை மேலே, நாங்கள் எல்லோரும் கீழே என்று கதை முடிந்துவிடும். லயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு அதைவிட அம்பேத்கர்தான் உதவினார். ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் மிதிக்க இன்னொருவன் கீழே இருக்கிறான், அதனால் மேலே இருப்பவனை எதிர்த்து எல்லோரும் சேர்வதில்லை என்பார். படிநிலைச் சமத்துவமின்மை என்று அவர் சொன்னது இதைத்தான்.

அப்புறம் ஏன் இங்கே தலித் இயக்கம் பெரிதாக எழவில்லை? இலங்கைக் குடிசனக் கணக்கெடுப்பில் இனம் கேட்பார்கள், சாதி கேட்பதில்லை. இந்தியாவில் உள்ளதுபோல் சாதிவாரி இட ஒதுக்கீடும் கிடையாது. தொழிற்சங்கங்களும் எல்லோரையும் தொழிலாளி என்றே எண்ணின. அந்தச் சங்கங்களின் தலைமை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய தொழிற்சங்கத் தலைவரான சௌமியமூர்த்தி தொண்டமானின் தகப்பனார் கங்காணியாக இருந்து தோட்டமே வாங்கியவர்.

தமிழ்நாட்டுத் தலித் அரசியலை அப்படியே கொண்டுவந்து ஒட்டவும் முடியாது. அங்கே ஊரும் சேரியும், பண்ணையாரின் நிலமும் உண்டு. இங்கே குடியானவர் வீட்டுக்கும் பெரும்பாலும் சொந்த நிலம் இல்லை. குடியிருக்கும் லயத்து அறையான காம்பராகூடத் தோட்டத்துக்குச் சொந்தம். அதனால் சாதி வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சம்பளப் போராட்டத்தில் ஒன்றாக ரோட்டில் உட்காருகிறவர்கள், கல்யாணப் பேச்சு வந்தால் “எந்த லயத்து ஆட்கள்?” என்று விசாரிக்கிறார்கள். பிள்ளை கொழும்பில் வேலை பார்த்தாலும் அந்த விசாரிப்பு நிற்பதில்லை.