பின்பக்கம் இருக்கும் இன்னொரு போர்ட்

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் கணக்கையும் கம்ப்யூட்டர்களையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக ஒரு டெல் பவர்எட்ஜ் சர்வர் வாங்கியிருக்கிறோம். அதன் பின்னால் ‘ஐடிராக்’ என்று எழுதிய தனி நெட்வொர்க் போர்ட் இருக்கிறது. “அதிலும் ஒரு கேபிளைச் செருகி, ரவுட்டரில் திறந்துவிட்டால் வீட்டிலிருந்தே சர்வரைப் பார்க்கலாம்” என்கிறார் விற்றவர். செய்யலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கேபிளைச் செருகுங்கள். இணையத்திலிருந்து யாரும் உள்ளே வரும்படி ரவுட்டரில் மட்டும் திறக்காதீர்கள்.

அந்த போர்ட் சர்வருக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டருடையது; ஐடிராக் என்பது அதுதான். அதற்குத் தனி பிராசஸர், தனி ஐ.பி. முகவரி எல்லாம் உண்டு. சர்வரை அணைத்திருந்தாலும், பவர் கேபிளில் மின்சாரம் வரும்வரை அது ஓடிக்கொண்டேயிருக்கும். ஹெச்பி சர்வர்களில் இதற்கு ஐலோ என்று பெயர். ஞாயிறு இரவு விண்டோஸ் உறைந்துபோனால், வண்டியை எடுத்துக்கொண்டு ஓடாமல் பிரவுசரிலேயே சர்வரை அணைத்துத் திரும்பப் போடலாம்.

அமைப்பது பெரிய வேலை இல்லை. சர்வர் துவங்கும்போது எஃப்2 அழுத்தினால் ஐடிராக் செட்டிங்ஸ் வரும். அதில் நிலையான ஒரு ஐ.பி. கொடுங்கள். பிறகு உங்கள் கம்ப்யூட்டர் பிரவுசரில் அந்த முகவரியை அடித்தால் உள்ளே போகலாம். சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் மிரட்டும். ஐடிராக் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் அது, அலுவலக நெட்வொர்க்குக்குள் பயப்பட வேண்டாம். யூசர் பெயர் ரூட். பாஸ்வேர்டு, சர்வரிலிருந்து இழுத்தால் வெளியே வரும் சிறு அட்டையில் இருக்கும். பழைய சர்வர்களில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு, ‘கால்வின்’. இது ஊர் அறிந்த ரகசியம். எதுவாக இருந்தாலும் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

அப்புறம் லைசென்ஸ். சர்வரின் திரையையே உங்கள் பிரவுசரில் காட்டும் விர்ச்சுவல் கன்சோல், சாதாரண எக்ஸ்பிரஸ் லைசென்ஸில் வராது, என்டர்பிரைஸ் வேண்டும். விற்றவர் “பார்க்கலாம்” என்று சொன்னது இதைத்தான் என்றால், பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரிடமே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் என்னைக் கேட்டால், திரையைப் பார்ப்பதைவிட மெயில் எச்சரிக்கைதான் இதில் முக்கியம். ஒரு டிஸ்க் போனாலும் தகவல் போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் ரெய்டு அமைப்பில் ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் பாட்டுக்கு ஓடும். பில் போடுவது நிற்காது, யாருக்கும் தெரியாது. இரண்டாவது டிஸ்க்கும் போகிற அன்றுதான் அலறல் கேட்கும். சிறு நிறுவனங்களில் இதை நிறையவே பார்த்திருக்கிறேன்; சர்வரின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அதன்மேல் ஃபைல் கட்டை அடுக்கியிருப்பார்கள். டிஸ்க், பவர் சப்ளை, ஃபேன், வெப்பம் இந்த நான்குக்கும் எச்சரிக்கை வையுங்கள். மெயில் சர்வர் விவரத்தைக் கொடுத்து, சோதனை மெயில் ஒன்று அனுப்பி, அது வந்து சேர்ந்ததா என்றும் பாருங்கள். நேரத்தையும் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் லாகில் (நிகழ்வுப் பதிவில்) எது எப்போது நடந்தது என்றே புரியாது.

இனி ரவுட்டர் விஷயம். ஐடிராக்குக்குள் நுழைந்தவர் உங்கள் சர்வரை அணைக்கலாம், வேறு ஐ.எஸ்.ஓ. (டிஸ்க்கின் நகலாக இருக்கும் கோப்பு) மாட்டி அதிலிருந்து துவக்கலாம், டிஸ்க்கை அழிக்கலாம். விண்டோஸில் நீங்கள் போட்ட ஆன்டிவைரஸுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. ஐடிராக், ஐலோ போன்றவற்றில் பல, சர்வர்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க 2004இல் வந்த ஐ.பி.எம்.ஐ. 2.0 நெறிமுறையையும் பேசும். அதன் வடிவமைப்பிலேயே ஒரு ஓட்டை: யூசர் பெயர் மட்டும் தெரிந்தால், லாகின் ஆகாமலேயே பாஸ்வேர்டின் ஹாஷை (பாஸ்வேர்டை உருமாற்றிய வடிவத்தை) வாங்கி, வீட்டில் உட்கார்ந்து சாவகாசமாக உடைக்கலாம். 2017இல் ஐலோ 4இல் வெளிவந்த ஓட்டை இன்னும் கொடுமை. பிரவுசர் அனுப்புவது போன்ற கோரிக்கையின் ஒரு ஹெடரில் (தலைப்பு வரியில்) ‘ஏ’ என்ற எழுத்தை 29 முறை அனுப்பினால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்டது! ஃபர்ம்வேர் (ஐலோவுக்குள் ஓடும் மென்பொருள்) 2.53இல் அதை அடைத்தார்கள். புதுப்பிக்காத சர்வரில் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

ஆகவே நெட்வொர்க் வழியே ஐ.பி.எம்.ஐ. பேசவிடும் ‘ஐ.பி.எம்.ஐ. ஓவர் லான்’ வசதி திறந்திருந்தால் அணைத்துவிடுங்கள். ஃபர்ம்வேரை அவ்வப்போது புதுப்பியுங்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் அலுவலக ரவுட்டரில் வி.பி.என். (வெளியாட்கள் நுழைய முடியாத மறைகுறியிட்ட தனிப் பாதை) அமைத்து, அதன் வழியாக மட்டும் போங்கள். ஸ்விட்ச் இடம் கொடுத்தால் இந்த போர்ட்டைத் தனி விலானில் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்கில்) வைப்பது இன்னும் நல்லது.

கேள்வி: விண்டோஸ் அட்மின் சென்டர் இலவசம்தானே? அது இருந்தால் ஐடிராக் எதற்கு?
– அதே வாசகர்

பதில்: இலவசம்தான், விண்டோஸ் சர்வர்களைப் பிரவுசரிலிருந்தே நிர்வகிக்க 2018இல் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. ஆனால் அது பேசுவது விண்டோஸோடு. விண்டோஸே எழும்பவில்லை என்றால் அதற்கும் வேலை இல்லை. அப்டேட், சர்வீஸ், பயனர் கணக்கு போன்ற அன்றாட வேலைகளுக்கு அருமையான கருவி. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒரே சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலராகவும் (அலுவலகத்தில் எல்லோரின் லாகினையும் சரிபார்க்கும் சர்வராகவும்) இருக்கிறதென்றால் அதில் இதை நிறுவாதீர்கள், மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. உங்கள் மேஜையில் இருக்கும் விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் நிறுவி, அங்கிருந்து சர்வரை இணையுங்கள்.