பதில் வரும் கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். தேர்வில் நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் இடம், நாள், விளி, உறைமேல் முகவரி எல்லாவற்றையும் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறான். ஆனால் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் அவனுடைய அமுச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, எழுது என்றால், "நலம், நலமறிய ஆவல்" என்ற வரியோடு பேனா நின்றுவிடுகிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குப் போய்வந்ததை எழுதச் சொன்னேன்; "கூட்டம் அதிகம், மகிழ்ச்சியாக இருந்தது" என்று முடித்துவிட்டான். எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அஞ்சல் துறை நடத்தும் கடிதப் போட்டிக்கு அவனை அனுப்பலாமா?

வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனுக்குக் கடிதத்தின் அமைப்பு தெரியும். படிக்க ஓர் ஆள் காத்திருக்கிறார் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. தேர்வுத்தாளில் வரும் நண்பன் ஒருநாளும் பதில் போடுவதில்லை. அந்தப் பழக்கத்திலேயே அமுச்சிக்கும் எழுதுகிறான். ஆகவே முதல் வேலை பையனிடம் இல்லை, பொள்ளாச்சியில் இருக்கிறது. கடிதம் கிடைத்த மறுநாளே, இரண்டு வரியானாலும் சரி, பதில் எழுதிப் போடும்படி உங்கள் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். எழுதக் கண் ஒத்துழைக்கவில்லையென்றால், அவர் சொல்லச் சொல்ல தாத்தாவான அப்புச்சியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ எழுதட்டும். அலைபேசியில் கூப்பிட்டுக் "கடிதம் வந்தது சாமி" என்று சொல்வதோடு மட்டும் நிறுத்திவிடக் கூடாது. தபால்காரர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஓர் அட்டையைக் கையில் கொடுக்கும் அனுபவம் பையனுக்குக் கிடைக்க வேண்டும்.

அடுத்தது, எழுதுவதற்கு முன் அவனைப் பேசவிடுவது. "அந்தியூரில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டால் பட்டியல்தான் வரும். "குதிரைச் சந்தையில் அமுச்சி உன்னோடு இருந்திருந்தால் எந்தக் குதிரையிடம் கூட்டிப்போயிருப்பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வாலில் சிவப்பு நாடா கட்டிய வெள்ளைக் குதிரை என்பான். கிட்டே போனதும் அது தலையை உதறியதால் தான் பின்வாங்கியதையும், அப்பா விலையைக் கேட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் திரும்பியதையும் சேர்த்துச் சொல்வான். அவ்வளவுதான் கடிதம். அவன் சொன்ன வரிசையிலேயே எழுதவிடுங்கள். திருவிழா முழுவதையும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். கடைசியில், அமுச்சியால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்கட்டும். செவலை மாடு கன்று போட்டுவிட்டதா, கிடாரியா காளையா என்று கேட்டுவிட்டால், அவராலும் பதில் எழுதாமல் இருக்க முடியாது.

"நலமறிய ஆவல்" அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்; பெரியவர்களுக்கு அது பிடிக்கும். எழுத்துப் பிழைகளைப் பழைய நோட்டில் எழுதும் முதல் படியிலேயே திருத்துங்கள், அதுவும் அமுச்சிக்குப் பொருள் மாறிவிடும் இடங்களில் மட்டும். அனுப்பும் தாளில் சிவப்பு மை படவே கூடாது என்பது என் கட்சி.

தொடக்கத்துக்கு 50 காசு அஞ்சலட்டை போதும். இடம் குறைவு என்பதால், பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்ற பயம் இராது. படம் வரைந்தோ மயிலிறகு வைத்தோ அனுப்ப ஆசைப்பட்டால் உறை வாங்கிக்கொள்ளுங்கள். உள்நாட்டு அஞ்சல் தாளுக்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது. முகவரியை அவனே எழுதட்டும். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணில் ஆறு இலக்கங்கள் உள்ளன. உங்கள் ஊருக்கு 638 என்றும் பொள்ளாச்சிக்கு 642 என்றும் தொடங்குவதையும், கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தைக் குறிப்பதையும் காட்டினால், அவன் உறவினர் வீட்டு எண்களையெல்லாம் தேடத் தொடங்கிவிடுவான்.

போட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2017 முதல் அஞ்சல் துறை நடத்திவரும் அந்தப் போட்டியில் 18 வயது வரை உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் அது கொடுத்த தலைப்பில் எழுதி, ஓர் உயரதிகாரியின் முகவரிக்கு அனுப்பும் கடிதம். உங்கள் மகன் ஏற்கெனவே தேர்வில் எழுதிவரும் வகையைச் சேர்ந்தது. இந்த ஆண்டு வேண்டாம். அமுச்சியிடமிருந்து நாலைந்து பதில்கள் வந்த பிறகு, அவனாக விரும்பிக் கேட்டால் அனுப்புங்கள்.