வெள்ளம் நிற்கும் காடு ரேடார் படத்தில் ஏன் வெளிச்சமாக வருகிறது?

ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 எடுத்த விவி படத்தில் (செங்குத்தாக அதிரும் அலையை அனுப்பி, செங்குத்தாகவே பெறுவது) வெளிச்சத்துக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே இருட்டாக இருப்பதெல்லாம் வெள்ளம் என்று பிரித்தீர்கள், ஆனால் தண்ணீர் நிற்பது உறுதியாகத் தெரிந்த சதுப்புக்காடு வறண்ட காலத்தைவிட வெளிச்சமாக வருகிறது, அளவீட்டுத் திருத்தத்தில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை அநேகமாக அங்கே இல்லை, உங்கள் விதியில்தான். நானும் இப்படிப் பாதிச் சதுப்பை வறண்ட நிலம் என்று வெட்டி எறிந்திருக்கிறேன்.

திறந்த நீர் கண்ணாடி மாதிரி, அலையை எதிர்ப்பக்கம் தெறிக்கவிடும், அதனால் இருட்டு. தண்டுகள் நீரிலிருந்து நிமிர்ந்து நின்றாலோ அலை நீரில் பட்டு, பிறகு தண்டில் பட்டு, வந்த வழியே செயற்கைக்கோளுக்குத் திரும்புகிறது. இதுதான் இரட்டைத் தெறிப்பு. நீர் ஏறி நுனி மட்டும் தெரியும் நிலை வந்தால் அதே இடம் மறுபடி இருண்டுவிடும், அதனால் ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள். அதே சுற்றுப்பாதையில், அதே கோணத்தில் எடுத்த வறண்ட காலப் படத்தோடு ஒப்பிட்டு, கூடுவது குறைவது இரண்டையும் பாருங்கள்.

இன்னொன்று, சென்டினல்-1 இயங்குவது சி பேண்ட் என்ற ரேடார் அலைவரிசையில், அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. நாணல், கோரைக்குச் சரி. அடர்ந்த காட்டில் இலைகளிலேயே பெரும்பாலும் சிதறிவிடும், அங்கே சுமார் 24 செ.மீ. அலைநீளமுள்ள எல் பேண்ட்தான் வேண்டும். எல் பேண்ட் செயற்கைக்கோள்களான ஏலோஸ்-2 அல்லது நிசார் தரவில் எச்எச் (கிடையாக அதிரும் அலையை அனுப்பி, கிடையாகவே பெறுவது) கிடைத்தால் அதை எடுங்கள், இரட்டைத் தெறிப்பு விவியைவிட அதில்தான் நன்றாகத் தெரியும். விஎச்சை (செங்குத்தாக அனுப்பி, கிடையாகப் பெறுவது) மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தேடாதீர்கள்.