கடல் பிடிக்கும் என்பது மட்டும் போதாது

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் பவளப்பாறை ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுவதைப் பற்றிப் போனில் பாதியில் விட்டுப்போன பேச்சை எழுதியே முடித்துவிடுகிறேன். "பவளப்பாறையில என்ன சார் ஆராய்ச்சி, கடலுக்குள்ள எறங்குற வேலை பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு, படிச்சு முடிச்சா யார் சம்பளம் குடுப்பா?" என்று ஒரே மூச்சில் மூன்று கேட்டீர்கள்.

நடுக் கேள்விதான் சுலபமானது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். உங்கள் மகள் இறங்கினால் சிலிண்டரும் முறையான பயிற்சியும் இருக்கும். கூடவே ஒரு துணையும் இருப்பார். தனியாக இறங்கவே கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி.

என்ன ஆராய்ச்சி என்ற கேள்விதான் முக்கியம். 2016 கோடையில் இந்த வளைகுடாவில் கடல் அளவுக்கு மீறிச் சூடானது. பவளம் என்பது பாறை கட்டும் சின்ன உயிரினம். அதற்கு நிறமும் சாப்பாடும் கொடுப்பது அதற்குள் குடியிருக்கும் நுண்பாசி. சூடு தாங்காமல் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும், வெளிறிப்போகும். அந்த ஒரு கோடையில், பாறைப் பரப்பில் உயிருள்ள பவளத்தின் பங்கு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் எல்லாமே சாகவில்லை. கிளைகிளையாக வேகமாக வளரும் அக்ரோபோரா வகை அதிகம் செத்தது. உருண்டைப் பாறைபோல மெதுவாக வளரும் போரைட்டிஸ் வெளிறினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. அதே சூடுதான், ஒன்று செத்தது, இன்னொன்று மீண்டது. ஏன்? அடுத்த சூட்டில் எந்தத் தீவு தாங்கும், எது தாங்காது? இதைக் கணிப்பதுதான் உங்கள் மகள் சொன்ன 'மீள்திறன் மதிப்பீடு'.

எப்படிக் கணிக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் முடிவே அதில்தான் இருக்கிறது. 20 மீட்டர் நாடாவைப் பாறைமேல் விரித்து, அதன் கீழே வருவது உயிருள்ள பவளமா, செத்ததா, பாசியா, மணலா என்று குறிக்க வேண்டும். புதிதாக ஒட்டியிருக்கும் விரல்நுனி அளவுக் குஞ்சுப் பவளங்களை எண்ண வேண்டும், ஏனென்றால் பாறை தன்னைத்தானே திரும்பக் கட்டிக்கொள்ளுமா என்பதற்கு அவைதான் சாட்சி. பாசி மேயும் மீன்கள் எத்தனை என்றும் பார்க்க வேண்டும். மேய ஆளில்லாவிட்டால் பாசி மூடிக்கொண்டு, குஞ்சுக்கு ஒட்ட இடமே இருக்காது. வெப்பத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதோடு எத்தனை நாள் என்றும் டாக்டர் கேட்பாரே, அதுபோல, வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாக நாலு வாரம் நீடித்தால் வெளிறல் வரும், எட்டு வாரம் என்றால் சாவு வரும் என்று செயற்கைக்கோள் அளவை வைத்துக் கணிக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் நம் பாறைகளுக்கு எச்சரிக்கையே வெளியிடுகிறது.

அப்புறம், அடுத்த வருடமும் அதே இடம், அதே நாடா, அதே எண்ணிக்கை. அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். என்னிடம் வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வீடியோவில் மீன் பார்த்து மயங்கியவர்கள். இந்த வேலை எண்ணிக்கை பிடித்தவர்களுக்கானது. கடலுக்குள் பன்னிரண்டு நாள் இறங்கினால், அங்கே எடுத்த படங்களைக் கணினியில் வைத்து எண்ணுவதற்கு மாதக்கணக்கு ஆகும்.

சம்பளத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஆரம்பம் திட்ட வேலைதான், இரண்டு மூன்று வருட ஒப்பந்தம். முதுகலைக்குப் பிறகு எழுதும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாயும் வாடகைப்படியும் கிடைக்கும், தேறாவிட்டால் குறைவு. நிரந்தர வேலை முப்பது வயதை ஒட்டித்தான் வரும், வராமலும் போகலாம். அதனால் வெறும் கடல் உயிரியலில் போய் நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் நாலு வருட மீன்வள அறிவியல் பட்டம் (பி.எஃப்.எஸ்சி.) கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். பவளம் கைவிட்டாலும் மீன்வளர்ப்பு, மீன்வளத்துறை என்று வேறு வழிகள் இருக்கும். கிடைக்காவிட்டால் விலங்கியல் படித்துவிட்டு, முதுகலைக்குப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். எங்கே படித்தாலும் புள்ளியியலையும் வரைபட மென்பொருளையும் விடாமல் கற்கச் சொல்லுங்கள். முக்குளிக்கவும் தெரிந்து கணக்கும் போடத் தெரிந்த ஆளைத்தான் தேடுகிறார்கள்.

முக்குளிப்புப் பயிற்சிக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள், ஆயிரக்கணக்கில் ஆகும். அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு சோதனை. வீட்டுப் பின்புறத்தில் நாலு முழக் கயிற்றால் ஒரு சதுரம் போடச் சொல்லுங்கள். ஞாயிறுதோறும் அதற்குள் எத்தனை செடி, எது புதிது, எது காய்ந்தது என்று எட்டு வாரம் எழுதட்டும். நீங்கள் நினைவுபடுத்தக் கூடாது. மூன்றாவது வாரமே சலித்துவிட்டால் சரி, அவளைத் திட்ட வேண்டாம், இன்ஜினியரிங் பேச்சை அப்போது எடுப்போம். ஐந்தாவது வாரம் அவளாகவே "மழை பெய்ஞ்ச வாரத்துல மட்டும் ஏம்மா இது கூடுது?" என்று உங்களிடம் வந்து கேட்டால், அந்த நோட்டோடு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள். அப்பாவும் கூட வரட்டும்.