தேயிலைத் தூரில் நான்கு மட்டைகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்துப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் பை தூக்கப் போனதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எனக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் தோட்டமும் உண்டு. புற்றடி ஏலத்தில் பழக்கமான கொச்சிக்காரர் ஒருவர் போன வருடம் என்னை நெடும்பாசேரி விமான நிலையத்தை ஒட்டிய கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை.

இதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவாகிவிட்டது. பதினான்கு மட்டை, அதில் தூர அடிக்கான டிரைவர் என்ற மட்டை புது மாடல், டஜன் ஐயாயிரம் ரூபாய்ப் பந்து, தூரம் காட்டும் லேசர் கருவி, தண்ணீரில் விழுந்த பந்தை எடுக்க நீட்டுக்கம்பி, இரும்பு மட்டைகளுக்குத் தனித்தனி உறை. உடன் ஆடுபவர்கள் ஒவ்வொரு வாரமும் ஒன்றைச் சொல்கிறார்கள், நானும் வாங்குகிறேன். என் ஆட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. வீட்டில், "இதுக்கு ரெண்டு ஏக்கர் காய்க்கு உரம் வச்சிருக்கலாம்" என்கிறாள்.

நீங்கள் பை தூக்கியவர். இதில் எது தேவை, எது வெட்டி என்று சொல்லுங்கள். இன்னொன்று. இலக்கியம் எழுதும் தளத்தில் இந்தப் பணக்கார விளையாட்டு எதற்கு என்று என் நண்பர் கேட்கிறார். அதற்கும் பதில் வேண்டும். ஒருநாள் மூணாறில் நாம் சேர்ந்து ஆட வேண்டும் என்பது என் ஆசை.

அன்புடன்,
எஸ்., போடிநாயக்கனூர்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் வீட்டில் சொன்ன உரக்கணக்கை நான் மறுக்கப்போவதில்லை. மற்றதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கதை.

எழுபதுகளின் நடுவில் வெள்ளைக்காரத் துரைமார் பெரும்பாலும் கப்பலேறியிருந்தார்கள். பங்களாவில் நம்மூர் ஆட்கள் குடிவந்து, அவர்களும் துரை ஆகிவிட்டார்கள். அதில் ஒருவருக்கு என் பெரியப்பா நிரந்தரக் கேடி, அதாவது பை தூக்குகிறவர். அந்தத் துரையின் பை தோல் பை. காலியாக இருந்தாலே கனக்கும். உள்ளே பதினான்கு மட்டை, குடை, மடக்கு நாற்காலி, பந்து பொறுக்கும் கம்பி, இரண்டு ஜோடி கையுறை, ஒரு பிளாஸ்க். பதினான்கு மட்டைகள் மட்டுமே ஐந்து ஆறு கிலோ வரும். மற்றதெல்லாம் சேர்ந்தால் ஒரு மூட்டைக் கொழுந்துதான். மூட்டையாவது காட்டிலிருந்து எடைக்களத்துக்கு ஒரே நடையில் முடிந்துவிடும். இது நாலு மணி நேரம், ஏறி இறங்கி.

பெரியப்பாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. துரை எந்தெந்த மட்டையைத் தொடுகிறார் என்று அவர் ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து, மிஞ்சினால் ஆறு. மற்றவை ஊர்வலத்துக்கு வந்தவை. ஒரு ஞாயிறு காலையில், துரை சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர் இரும்பு, ஒரு மரத்தலை மட்டை, பந்தைக் கிட்டத்தில் தூக்கி அடிக்கும் வெட்ஜ் ஒன்று ஆகிய நான்கையும் உருவி சாக்கில் சுற்றி, பாதையோரத் தேயிலைத் தூரில் செருகிவைத்தார். என்னிடம் கண்ணடித்தார். நான் பயத்தில் ஒன்றுக்குப் போகாத குறை.

அன்று துரை கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, ஒரு நீளமான குழிக்கு முன்னால் நின்று "மூணு" என்று கையை நீட்டினார். நம்பர் கூடினால் தூரம் குறையும். பெரியப்பா கொஞ்சமும் அசையாமல் நான்காம் நம்பரை எடுத்துக் கொடுத்தார். "காத்து பின்னாலேர்ந்து தள்ளுது தொரை, நாலே போதும்." இலைகூட அசையாத காலை அது. துரை வானத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அடித்தார். அந்தப் பருவத்தில் அவர் அடித்த நல்ல அடிகளில் அதுவும் ஒன்று.

கோல்ஃப் கருவிகளில் எது மிகை என்று ஆடுபவனைக் கேட்டால் சரியான பதில் வராது. அவன் காசு கொடுத்தவன், கொடுத்த காசுக்கு நியாயம் தேடுவான். கடைக்காரன் பதில் நமக்குத் தெரியும். தூக்கியவனிடம் கேளுங்கள். அவன் தோளுக்குத்தான் இந்தப் பட்டியல் மனப்பாடம்.

விளையாட்டின் சட்டமே கடைசியில் இந்த இடத்துக்கு வந்துதான் சேர்ந்தது. ஒரு காலத்தில் மட்டைகளுக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. 1934, 1935 இரண்டு வருடமும் அமெரிக்க, பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டங்களை வென்ற லாசன் லிட்டில் 25-க்கும் மேற்பட்ட மட்டைகளோடு நடந்தவர். நடந்தவர் அவர், தூக்கியவன் வேறொருவன். 1938-ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் பதினான்கு என்று கோடு கிழித்தது, மறுவருடம் பிரிட்டனும் ஒப்புக்கொண்டது. ஆனால் பதினான்கு என்பது உச்சவரம்பு. ரேஷன் கார்டில் இத்தனை கிலோ என்று போட்டிருப்பதுபோல அதை முழுசாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நம்மவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1916-ல் சிக் எவன்ஸ் ஏழே மட்டைகளை வைத்து அமெரிக்க ஓப்பன் போட்டியை வென்றார். அதற்கு மூன்று வருடம் முன்னால் அதே பட்டத்தை வென்ற பிரான்சிஸ் விமெட்டுக்குப் பை தூக்கியவன் எட்டி லோவரி, பத்து வயதுப் பையன். பத்து வயதுப் பையன் தூக்கக்கூடிய பையாக அது இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். விமெட்டும் முன்பு கேடியாக இருந்தவர்.

இனி உங்கள் பட்டியல். டிரைவரில் ஆரம்பிக்கிறேன், அதில்தான் பணம் அதிகம் போயிருக்கும்.

என் காலத்தில் அதன் தலை நிஜமாகவே மரம். அதற்கும் இன்றைய டைட்டானியத் தலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பெரிய தலை, பந்து நடுவில் படாவிட்டாலும் மன்னிக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று சட்டம் வந்து இருபது வருடம் ஆகிறது. முகத்தகட்டின் துள்ளலுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிய பிறகு, போன வருடத்து மட்டைக்கும் இந்த வருடத்து மட்டைக்கும் நடுவில் பெரும்பாலும் இருப்பது பெயிண்ட். நீங்கள் ஏலக்காய்க்காரர். 8 மில்லிமீட்டர் காய் என்றால் சலித்துப் பார்த்து, நிறம் பார்த்துத்தான் விலை கேட்பீர்கள். டப்பாவைப் பார்த்து ஏலம் கேட்டதுண்டா? மட்டைக் கடையில் மட்டும் ஏன் டப்பாவுக்குக் கேட்கிறீர்கள்?

பந்து விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டாபெர்ச்சா என்ற மலாய்நாட்டு மரப்பாலில் வழவழவென்று பந்து செய்தார்கள். புதுப் பந்து காற்றில் தடுமாறியது. அடிபட்டு, வெட்டுக்காயம் பட்ட பழைய பந்து நேராகப் பறந்தது. ஏன் என்று புரிவதற்கு முன்பே சுத்தியலால் தாங்களே காயம் போட ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைய பந்தின் குழிகள் அந்தக் காயங்களின் வாரிசு. குழிகள் பந்தின் தோலை ஒட்டி ஓடும் காற்றைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்று பந்தைச் சீக்கிரம் விட்டுப் பிரியாமல் பின்பக்கம் வரை ஒட்டிப் போகிறது, பின்னால் இழுக்கும் சுழல் சிறுக்கிறது. வழவழப்பான பந்து இதில் பாதி தூரம் போனாலே அதிகம். ஆக, குழி அவசியம். அது மலிவான பந்திலும் இருக்கிறது. உங்கள் ஐயாயிரம் ரூபாய்ப் பந்தில் கூடுதலாக இருப்பது யூரித்தேன் என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் தோல். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் விழுந்ததும் பந்து பின்சுழற்சியில் கடித்து நிற்க அது உதவும், திறமையான கை அடித்தால். உங்கள் கை இப்போதைக்கு அதைக் காட்டுக்குள்தான் அனுப்புகிறது என்று ஊகிக்கிறேன். காட்டில் யூரித்தேனுக்கு வேலையில்லை.

லேசர் கருவியைத் திட்டமாட்டேன். ஆனால் அது காட்டும் எண்ணை என்ன செய்வது என்று தெரிய வேண்டுமே. உங்கள் ஏழாம் நம்பர் எத்தனை கஜம் போகும் என்பதைக் கடல்மட்டத்தில் நெடும்பாசேரியில் கற்றுக்கொண்டிருப்பீர்கள். மூணாறு 1500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. 150 கஜம் போகிற அடி இங்கே ஏழெட்டு கஜம் கூடப் போய்விடும். காலைப் பனியில் பந்து குளிர்ந்து கிடந்தால் அந்தக் கூடுதலில் கொஞ்சத்தைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளும். மேடு பள்ளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும் வசதி சில கருவிகளில் உண்டு, போட்டியில் பொதுவாக அதை அணைத்து வைக்க வேண்டும். இதையெல்லாம் பெரியப்பா ஒரு பிடி புல்லைப் பிய்த்துப் பறக்கவிட்டு முடித்துவிடுவார். (காற்றே இல்லாத நாளில் அவர் பறக்கவிட்ட புல்லும் அவருக்கு வேண்டிய பக்கமே பறந்தது.)

இரும்பு மட்டைக்கு உறை போடுகிறவரைப் பார்த்தால் பழைய ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இரும்பு, அடிபடத்தான் இருக்கிறது. பந்து எடுக்கும் நீட்டுக்கம்பியைப் பையில் வைத்திருப்பவன், தண்ணீரில்தான் போடப்போகிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவன். அறுபது டிகிரி வெட்ஜ் வைத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இருந்தால் ஒரு வருடம் அலமாரியில் வையுங்கள். அது பந்துக்கு அடியில் புகுந்து பந்தை வானத்துக்கும் உங்களை நரகத்துக்கும் அனுப்பும். கிரீன் ஓரத்தில் எட்டாம் நம்பரை வைத்துப் பந்தை உருட்டிப் பழகுங்கள். பந்தை நிறுத்திவைக்கும் டீயில்கூட "அதிக தூரம் தரும்" என்று பிளாஸ்டிக்கில் விற்கிறார்கள். அந்தக் காலத்தில் கேடிகள் ஈரமணலைக் கூட்டி மேடு செய்து பந்தை வைத்தார்கள். மர டீக்கு 1899-ல் காப்புரிமை எடுத்த ஜார்ஜ் கிராண்ட் ஒரு பல் மருத்துவர். 1920-களில் அதைக் கடைச்சரக்காக்கிப் பரப்பிய வில்லியம் லோவலும் பல் மருத்துவர். பல்லுக்கும் இதற்கும் என்ன உறவோ.

உங்கள் பட்டியலில் இல்லாத சிலவற்றுக்குக் காசு செலவழிக்கச் சொல்வேன். நீளமான இரண்டாம், மூன்றாம் நம்பர் இரும்புகளை விற்றுவிட்டு, இரும்பும் மரத்தலை மட்டையும் கலந்த ஹைபிரிட் ஒன்று வாங்குங்கள். இந்த முப்பது வருடத்தில் வந்தவற்றில் சாதாரண ஆட்டக்காரனுக்கு உண்மையாகவே உதவியது அது. பிடியின் ரப்பர் வழவழத்துப்போனால் உடனே மாற்றுங்கள். ஜூன் மாதத்து மூணாறில் தோல் கையுறை மீன்போல வழுக்கும். இரண்டு காய்ந்த துண்டுகள் அதைவிட மேல். ஃபிரெட் கப்பிள்ஸ் கையுறையே போடாமல் உலகத்தரத்தில் ஆடியவர். பிறகு, எந்த கோல்ஃப் கடையிலும் விற்காத ஒன்று: ஒரு பொட்டலம் உப்பு. பந்தைத் தேடி நனைந்த புல்லுக்குள் இறங்கினால் அட்டை ஏறும். ஐயாயிரம் ரூபாய்ப் பந்துக்காக இறங்கினாலும் ஏறும்.

உங்கள் நண்பருக்கு: பணக்கார விளையாட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பணக்காரர்களின் ஆட்டத்தை அவர்களைவிட அதிகம் பார்த்தவர்கள் எங்கள் லயத்து ஆட்கள். ஸ்பெயினில் செவே பாயஸ்தெரோஸ் என்ற பையன் ஒற்றை மூன்றாம் நம்பர் இரும்போடு கடற்கரை மணலில் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு உலகை வென்றான். 1991-லும் 1993-லும் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-ல் வென்ற முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். எங்கள் பக்கத்திலிருந்து அப்படி ஒருவரும் வரவில்லை. திங்கட்கிழமை, மைதானம் காலியாக இருக்கும்போது, கவாத்துக் கத்திக்குப் போடும் காட்டுமரக் கைப்பிடியில் இரும்புத் துண்டைக் கட்டி நாங்கள் ஆடினோம். காவல்காரர் விரட்டினார். இதை எழுதுவது இலக்கியத்தில் சேருமா என்று உங்கள் நண்பரே முடிவு செய்யட்டும்.

மூணாறுக்கு வாருங்கள், ஆடலாம். ஒரே நிபந்தனை. வாங்கியது அத்தனையையும் கொண்டுவாருங்கள், ஒன்றையும் வீட்டில் விடக்கூடாது. கேடி வேண்டாம், வண்டி வேண்டாம், பையை நீங்களே தூக்குங்கள். ஒன்பது குழி முடிந்ததும் சாயாக்கடையில் பையைக் கவிழ்ப்போம். கை படாததை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி நீங்கள் போடிக்கு எடுத்துப்போகலாம்.

பெரியப்பாவின் நான்கு மட்டைகளைக் கேட்டால் சொல்கிறேன். அந்தத் துரைக்கு மாற்றல் வந்தபோது அவற்றைத் தூரிலிருந்து எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, பையில் பழைய இடத்தில் செருகினார். மூன்றாம் நம்பரின் கழுத்தில் துரு ஏறியிருந்தது. துரை போகும்போது பெரியப்பாவின் கையில் பத்து ரூபாய் கொடுத்து, இத்தனை வருடத்தில் ஒரு பந்துகூடத் தொலைந்ததில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அன்புடன்.