கைதட்டல் வாக்காகுமா?

வள்ளியூர் வாசகர் ஒருவர்: எங்கள் தொகுதியில் முதன்முறையாகத் தேர்தலில் நிற்கப்போகும் ஓர் இளைஞருக்கு, போகிற இடமெல்லாம் கூட்டம் சேர்கிறது. ஊர்ப் பெரியவர்களோ, "இந்த வயதில் இவனுக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள். வயது ஒரு குறையா?

சட்டத்தைக் கேட்டால் குறையில்லை. சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 வயது நிறைந்திருந்தால் போதும். சேரன்மகாதேவி சப் கலெக்டர் அலுவலகத்தில் இருபத்தேழு வயதுக்காரர் வந்து உட்கார்ந்தால், அவரிடம் இரு கையாலும் மனுவை நீட்டும் அதே பெரியவர்கள்தான், வேட்பாளர் என்று வந்தவுடன் பிறந்த தேதியைக் கேட்கிறார்கள். 1967இல் நமக்குப் பக்கத்து விருதுநகரில், மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன், காமராஜரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்ததை அவர்கள் நினைவூட்டக்கூடும். அந்தத் தோல்வியில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால், 1965 மொழிப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் முடிவு செய்த தேர்தல் அது என்பதால், அதை வைத்து இளமைக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

அம்பாசமுத்திரம் வாசகர்: நீங்கள் என்ன சொன்னாலும், அவர் நம் ஊர்க்காரர் இல்லையே?

மாநிலத்தின் எந்தத் தொகுதியிலாவது வாக்காளராக இருந்தால் போதும், வேறு எந்தத் தொகுதியிலும் நிற்கலாம். முதலமைச்சரான பின் 1954இல் காமராஜர் போட்டியிட்டது விருதுநகரில் அன்று, குடியாத்தத்தில். உள்ளூர்க்காரராகவே இருந்தும், வென்ற மறுநாள் முதல் ஐந்து வருடம் ஊர்ப் பக்கம் தலைகாட்டாதவர்களை நாம் பார்த்ததே இல்லையா என்ன?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: இது என் முதல் வாக்கு. அந்த இளைஞரின் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. "இது வெறும் மோகம்" என்று அப்பா கேலி செய்கிறார். ஒரு புதியவரை எதை வைத்து எடைபோடுவது?

அப்பாவின் கேலியைப் பொருட்படுத்த வேண்டாம்; அவரும் ஒரு காலத்தில் யாருக்காவது சுவரொட்டி ஒட்டியிருப்பார். ஆனால், நல்ல பேச்சு என்பது பயிற்சியால் வருவது. அதை ஒரு தகுதியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் வேறொன்றைக் கவனிப்பேன். மூன்று வாரங்களுக்கு முன் முக்கூடல் பக்கம் ஒரு தெருவில், உங்களுக்குப் பிடித்த அதே இளைஞர் வீடு வீடாக வந்துகொண்டிருந்ததை நேரில் பார்த்தேன். திண்ணையில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, கையை நிறுத்தாமலே, "தம்பி, பீடி சுத்தியே என் கண்ணு போச்சு. எம் மவளுக்காவது வேற சோலி உண்டா?" என்று கேட்டார். இளைஞர் சற்றுத் தயங்கி, "ஆச்சி, இப்ப எனக்குச் சொல்லத் தெரியல. விசாரிச்சிட்டு வந்து சொல்லுதேன்" என்றார். நான் கேட்ட வேட்பாளர் பதில்களில் அதை நல்ல பதில் என்றே சொல்வேன். தொழிற்சாலை கொண்டுவருவேன் என்று அந்த இடத்திலேயே அள்ளிவிடாமல், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் துணிவு அதில் இருந்தது. ஆனால் உடன் வந்தவர்கள் அதை முழுதாகக் கேட்கக்கூட விடவில்லை. யாரோ கைதட்ட, எல்லாரும் கைதட்ட, வண்டியின் ஒலிபெருக்கியில் பாட்டு எழும்பி, ஊர்வலம் அடுத்த தெருவுக்கு நகர்ந்துவிட்டது. சென்ற வாரம் அந்த வழியாகப் போனபோது, அவர் திரும்பி வந்தாரா என்று ஆச்சியிடம் கேட்டேன். "வரும், வாக்குக் கேக்க வரணும்லா" என்றார்.

என் ஐயம் முழுவதும் அந்தத் திரும்பி வருதலில்தான் இருக்கிறது. அவருடைய வயதிலோ நேர்மையிலோ எனக்கு இன்றுவரை குறை தெரியவில்லை. அவர் வேட்புமனு தாக்கல் செய்த பிறகு நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. மனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், கல்வி, நிலுவையில் உள்ள வழக்குகள் ஆகிய விவரங்கள் இருக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை யாரும் படிக்கலாம். வழக்கு என்றவுடன் பதறிவிடாமல், மறியலில் கலந்துகொண்டதற்காகப் போட்ட வழக்கா, அடிதடி வழக்கா என்று பிரித்துப் பாருங்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் இதுவரை வாக்களித்து வந்தவருடைய பத்திரத்தையும் படித்துக் காட்டுங்கள்.

திருநெல்வேலி டவுன் வாசகர்: இவ்வளவு ஆரவாரமும் வாக்காக மாறும் என்று நம்புகிறீர்களா?

கொஞ்சம் மாறும், நிறையச் சிந்தும். கூட்டத்தில் முன்னால் நின்று குரல் கொடுப்பவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் பதினெட்டு ஆகியிருக்காது. மீதியில் சிலருக்கு வாக்கு வேறு தொகுதியில் இருக்கும். வாக்குப்பதிவு நாளில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் காலை முதல் மாலை வரை பட்டியலோடு உட்கார்ந்து, வராதவர் வீட்டுக்கு ஆளனுப்பும் முகவர்கள் வேண்டும், அவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் போய்ச் சேர வேண்டும். பழைய கட்சிகளின் பலம் இந்தச் சலிப்பூட்டும் வேலையில் இருக்கிறது. 2016இல் நம் இராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். அந்த முடிவு நீதிமன்றம் வரை போனபோது தபால் வாக்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும் நிலை வந்தது. ஒரு தெருவின் வாக்கு அது. மேடையில் மாலை போட வந்தவர்களே அதைவிட அதிகம் இருந்திருப்பார்கள்.

கல்லிடைக்குறிச்சி வாசகர்: ஒருவேளை தோற்றுவிட்டால், இந்தக் கூட்டம் அவரோடு நிற்குமா?

செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குகூட வாங்காவிட்டால், பொதுப்பிரிவு வேட்பாளர் கட்டிய 10,000 ரூபாய் வைப்புத்தொகை போகும். அது பெரிய இழப்பில்லை. கூட்டத்தைப் பற்றிய உங்கள் கேள்விதான் கனமானது. வ.உ.சி.யைக் கைது செய்தார்கள் என்று 1908 மார்ச் 13ஆம் நாள் கொந்தளித்த ஊர் இது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரையே கொடுத்தார்கள். 1912 டிசம்பரில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது வரவேற்க அந்தத் திரள் இல்லை. அது அடக்குமுறைக்கு அஞ்சிய காலம் என்பதை மறந்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் கடைசிவரை பட்ட வறுமையை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வேட்புமனுவில் கையெழுத்திடுவதற்கு முன் அந்த இளைஞருக்கு யாராவது இதைச் சொல்லி வைத்தால் நல்லது.